பாக்காப்புக்குப் போன சிடி

சின்னக் கணினிக்குள் சிடி போடும் இடம் வேண்டுமா வேண்டாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். யோசிக்காமல் சொல்வேன். பொதுவாக நான் எதையும் யோசிக்காமல் சொல்கிற ஆள் இல்லை. அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் லிஃப்டில் பாதி இறங்கியவள் மறுபடி மேலே ஏறுவேன். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். மகள் போனை எடுக்கவில்லை என்றால் அரை மணி நேரத்துக்குள் அவளுக்கு ஒரு விபத்தையே நடத்தி முடித்துவிடுவேன், மனசுக்குள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பயமில்லை. அந்தச் சாமானை எனக்கு உள்ளும் புறமும் தெரியும்.

படிவம் மூன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கொஞ்ச நாள் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி பொறுக்கினேன். அப்புறம் தீவுப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் இடம் கிடைத்தது. கணினிக்குள் போகிற சிடி டிரைவ் செய்கிற இடம். எட்டு வருஷம் அந்த லைனில் இருந்தேன். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே தெரியும். டிரேயைத் திறந்து மூடுவதும், தட்டைச் சுற்றவிட்டுக் காதால் கேட்பதும், பூதக்கண்ணாடிக்குக் கீழே அதன் கண்ணைப் பார்ப்பதும் என் வேலை. கண் என்றுதான் சொல்வோம். தட்டை வாசிக்கிற வெளிச்சம் வெளியே வருகிற கண்ணாடித் துளி அது. பச்சைப்பயறு அளவுதான் இருக்கும். அதில் ஒரு தூசி உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பீஸ் ரிஜெக்ட்.

பிறகு அந்த லைனை மூடினார்கள். யாரும் அழவில்லை. எங்களை அடுத்த கட்டடத்துக்கு மாற்றி, ஆஸ்பத்திரிக்குப் போகிற குழாய்களைப் பேக் பண்ணச் சொன்னார்கள். இந்தக் கட்டடத்தில் குளிர் கொஞ்சம் குறைவு. எங்களுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

அதனால்தான் சொல்கிறேன். ஒரு மோட்டர், ஒரு தண்டவாளம், நூல் கனத்தில் ஒரு ஒயர், நகர்கிற ஒரு கண். இவ்வளவும் கணினிக்குள் உட்கார்ந்து இடத்தைத் தின்னும். நகர்கிற சாமான் என்றைக்காவது ஒருநாள் நிற்கும். அது நின்றால் கணினியையே தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டும். எதற்கு இந்தத் தொல்லை?

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கடையிலும் இதைத்தான் சொன்னேன். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் அளவுக்கு ஒரு கணினி. அதைத் திரைக்குப் பின்னால் மாட்டிவிட்டால் இருக்கிற இடமே தெரியாது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். எதையும் நாலு பக்கமும் பார்த்துத்தான் தூக்குவார். அதையும் அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சிடி எங்க போடறது?”

“போட வேணாம்லா. நம்மகிட்ட என்ன சிடி இருக்கு?”

“கல்யாண சிடி இருக்குல்ல.”

“அதைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?”

“எப்பவாச்சும் பாக்கணும்னு தோணுமில்ல. அதுல நான் ஒல்லியா இருப்பேன்டி.”

கடைக்கார சீனப் பையனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தான். சிடி போடும் இடம் இல்லாத கணினிதான் வீட்டுக்கு வந்தது. சிடி போடும் இடம் இருந்த பழைய லெப்டாப், எங்கள் தீவில் இருந்து கடல் பாலம் தாண்டி, சுங்கை பாக்காப் ஊரில் இருக்கிற என் நாத்தனாருக்குப் போனது. கொடுப்பதற்கு முன்னால், கோலாலம்பூரில் வேலை செய்கிற மகள் ஒரு வார லீவில் வந்து அதில் இருந்ததை எல்லாம் எடுத்து வைத்தாள். எங்கே எடுத்து வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. எதையும் மூன்று தடவை கேட்கிறவள், அதை மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இந்த வருஷம் இவருக்கு இருமல். மூன்று வாரம் ஆகியும் நிற்கவில்லை. இழுத்துக்கொண்டு போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், அப்புறம் ஸ்கேன் எடுத்தார்கள். சீன டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பி, வலது நுரையீரலில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். உளுந்து அளவு இருந்தது.

“இதுக்கு முன்னாடி எப்பவாவது நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?” என்று மலாயில் நிதானமாகக் கேட்டார்.

எடுத்திருக்கிறோம். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்தில் வழுக்கி விழுந்து இவருக்கு ரெண்டு விலா எலும்பில் கீறல். அப்போது ஒரு தனியார் இடத்தில் ஸ்கேன் எடுத்து, உறையில் சிடி போட்டுக் கொடுத்தார்கள். அந்த இடத்தை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே முடி வெட்டுகிறார்கள்.

டாக்டரம்மா விஷயத்தை நேராகச் சொன்னார். அந்தப் பழைய படத்திலும் இந்தப் புள்ளி இதே அளவில் இருந்தால் அது பழைய வடு, பயம் இல்லை, தொட வேண்டாம். பழைய படத்தில் இல்லையென்றால், விலாவுக்கு நடுவே ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கணும். ஊசிக்குத் திங்கட்கிழமை தேதி போட்டாயிற்று. பழைய படம் கிடைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வாங்க.

இவர் சரி சரி என்று தலையாட்டினார், சிமெண்டு மூட்டையை எங்கே இறக்கணும் என்று கேட்டுக்கொள்கிற மாதிரி.

வெளியே வந்து பதிவு கவுண்டரில் இருந்த மலாய் அக்காவிடம், படத்தைப் பென்டிரைவில் கொடுக்கலாமா என்று கேட்டேன். முன்னாலேயே கேட்டு வைப்பதுதானே என் பழக்கம்.

“பென்டிரைவ் தக் போலே, கா. நந்தி வைரஸ் மாசோக். சிடி சாஜா.”

பென்டிரைவ் கூடாது, வைரஸ் உள்ளே புகுந்துவிடும், சிடி மட்டும்தான். நல்லது, நம்மிடம் சிடிதானே இருக்கிறது என்று வீட்டுக்கு வந்தேன். அலமாரியில் உறை பத்திரமாக இருந்தது. இவர் பெயர், தேதி, எல்லாம் எழுதியிருந்தது. உள்ளே கொசோங். ஒன்றுமே இல்லை. உறையைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், சிடி என்ன ஊசியா மறைந்து கிடக்க? அலமாரியில் இருந்த துணியெல்லாம் தரைக்கு வந்தது.

“தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கிட்டியா?” என்றார் இவர், கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டே.

“ரெண்டு வேண்டுதல். ஒண்ணு புள்ளிக்கு, ஒண்ணு சிடிக்கு.”

“ரெண்டுக்கும் சேத்து ஒரு பால்குடம் போதும்னு சொல்லு. முழங்கால் வலிக்குதுன்னு நீதான படி ஏறும்போது பொலம்புவ.”

மகளுக்குக் குரலில் செய்தி அனுப்பினேன். அவளும் என்னை மாதிரித்தான், போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போகிற வேலை. மறுநாள் காலை பஸ்ஸில் இருந்து பதில் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல். “மா, அது பாக்காப்ல இருக்கும்மா. கவலப்படாத. சரியா? உள்ள போறேன்.” அவ்வளவுதான். இனிமேல் சாயங்காலம் வரைக்கும் அவளைப் பிடிக்க முடியாது.

ரெண்டு பேரும் ரெண்டு தடவை கேட்டோம். பாக்காப்பில் இருக்கிறது. இருக்கத்தானே வேண்டும்? லெப்டாப் பாக்காப்புக்குத்தானே போனது. சிடியை டிரேயிலேயே விட்டுவிட்டாள் கழுதை. லைனில் இருக்கும்போது தினமும் பார்த்த தப்பு இது. டெஸ்ட் பண்ணுகிற தட்டை உள்ளேயே வைத்துப் பெட்டியை மூடி அனுப்பிவிடுவார்கள்.

எமர்ஜென்சி லீவு போட்டேன். இவர் காரை எடுத்தார். ரெண்டாவது பாலத்தில் போகும்போது, நாத்தனார் லெப்டாப்பை விற்றிருந்தால் என்ன செய்வது, பழைய சாமான்காரனுக்குப் போட்டிருந்தால் என்ன செய்வது, தண்ணீர் ஊற்றியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே வந்தேன். “பாலம் உடைஞ்சா என்ன செய்யறதுன்னு கேக்கலயே,” என்றார். அதுவரைக்கும் அது தோன்றவில்லை. அதற்கப்புறம் பாலம் முடிகிற வரைக்கும் அதுதான் தோன்றியது.

நாத்தனார் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. அன்றைக்கு மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் ஓடிப்போய், அண்ணன் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு, டிவி மேசையின் கீழ்த்தட்டில் இருந்து லெப்டாப்பை இழுத்து எடுத்தாள். மேலே மேசைவிரிப்பு, அதில் மீன் தொட்டி வைத்திருந்த வட்டத் தடம்.

“டிரே ஒரு வருஷமாத் தொறக்கல அண்ணி. கெட்டுப்போச்சுன்னு விட்டுட்டேன்.”

“கெடல. ஒரு ஊக்கு குடு.”

டிரேக்கு முன்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பார்க்கிறவர்கள் அலங்காரம் என்று நினைப்பார்கள். ஊக்கை நிமிர்த்தி அதில் நேராக விட்டு அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம், டிரே வெளியே வந்தது. உள்ளே வெள்ளியாக ஒரு தட்டு.

“ஐயோ முருகா!” என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எடுத்துத் திருப்பினால், கருப்பு மார்க்கரில் எழுதியிருந்தது: பாலர் பள்ளி ஆண்டு விழா.

“ஏய்! இதைத்தான் வீடு பூரா தேடினேன்!” என்று நாத்தனார் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். “எம்பொண்ணு முயல் வேஷம் போட்டது!” என்று சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். “மன்னிச்சுக்கோங்க அண்ணி.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஊசி இவர் விலாவுக்குள் போவது என் கண் முன்னால் தெரிந்தது. அங்கே இருப்பது என்ன என்று டாக்டரம்மா சொல்வதும் கேட்டது. நாத்தனார்தான், அவ என்ன சொன்னா, நான் கேக்கறேன் என்று போனை வாங்கினாள். ஒரு தடவை கேட்டாள். காதோடு வைத்து இன்னொரு தடவை கேட்டாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

“எதுக்குச் சிரிக்கிற?” என்றார் இவர்.

“அண்ணே, இது எங்க பாக்காப் இல்லண்ணே. பேக்கப்! அவ பேக்கப்ல இருக்குன்னு சொல்றா. ஆபீசுல நாங்க தெனமும் எடுத்து வைப்போமே, இன்னொரு காப்பி, அது!”

மறுபடி போட்டாள். பஸ் இரைச்சலுக்குள் இப்போது எனக்கும் பேக்கப் என்றே கேட்டது. அதற்கு முன்னால் பாக்காப் என்று கேட்டதும் சத்தியம். பாக்காப் என்று ஒரு ஊரே இல்லாதவர்களுக்கு இந்தத் தப்பு வராது. சொந்தக்காரர்கள் பாக்காப்பில் இருக்கிற எங்களுக்கு வேறு எப்படிக் கேட்கும்?

“படிக்காதவ நான், சரி,” என்றேன் இவரிடம். “எஸ்.பி.எம். பரீட்சை எழுதின உங்களுக்கு என்ன வந்துச்சு?”

“நீ சொன்னதும் எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு. நீ இங்கிலீசுல அழுதாலும் எனக்குத் தமிழ்லதான் கேக்கும்.”

பேக்கப் என்றதும் நினைவு வந்தது. மகள் போகும்போது உள்ளங்கை அளவில் கருப்பாக ஒரு டிஸ்க்கைக் கையில் கொடுத்து, இதைக் கீழ போட்டுடாதம்மா என்றாள். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை, அந்த ஸ்கேன் சிடியையும் அதில் ஏற்றிவிட்டுத் தட்டை எங்கோ விட்டிருக்கிறாள். நான் கீழே போடுவேனா? துணியில் சுற்றி, ரப்பர் போட்டு, சாமி மேடைக்கு அடியில் வைத்தேன். வாரா வாரம் வெள்ளிக்கிழமை அந்தத் துணியையும் சேர்த்துத்தான் தூசி தட்டுகிறேன்.

ஆக, படம் வீட்டில் இருக்கிறது. பாலம் தாண்டி வந்தது வீண். இவர் கார் சாவியை எடுத்தார். அப்போதுதான் கவுண்டர் அக்கா சொன்னது மண்டையில் அடித்தது. சிடி சாஜா. படம் டிஸ்க்கில் இருந்து என்ன புண்ணியம்? அதைச் சிடியில் ஏற்றினால்தான் ஆஸ்பத்திரி வாங்கும். எங்கள் ரெண்டு வீட்டிலும் சிடி எழுதுகிற பெட்டி ஒன்றே ஒன்றுதான். அது என் மடியில் டிரேயைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தது.

“இத நான் எடுத்துட்டுப் போறேன்,” என்றேன்.

“கொண்டு போங்க அண்ணி. மீன் தொட்டிக்கு நான் வேற இடம் பாத்துக்கறேன்.”

ஊருக்குள் ஒரு புத்தகக் கடையில் கொசோங் சிடி இருக்கிறதா என்று கேட்டோம். கடைக்காரர் மேசைக்கு அடியில் குனிந்து, தூசியோடு அஞ்சு எடுத்து வைத்தார். “இனிமே நான் ஆர்டர் போட மாட்டேன். எல்லாத்தையும் கொண்டு போய்டுங்க.” எல்லாவற்றையும் கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து டிஸ்க்கைச் செருகினேன். மகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி வைத்திருந்தாள். அப்பா ஸ்கேன் என்று ஒன்று. அதை அப்படியே முழுசாகச் சிடிக்கு அனுப்பினேன். பாதிக்கு மேலே போய் நின்றுவிட்டது. எழுத முடியவில்லை என்று வந்தது. ஊக்கால் டிரேயைத் திறந்து இன்னொரு சிடி போட்டேன். மறுபடி அதே இடத்தில் நின்றது.

“அவ்வளவுதான்,” என்றார் இவர். “ஊசி போட்டுக்குவோம். ஒரு ஊசிதான.”

அவர் அப்படிச் சொன்ன பிறகுதான், இவருக்கும் பயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இவ்வளவு நாளும் அதை எங்கே வைத்திருந்தாரோ.

நான் லெப்டாப்பை அணைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன். லெப்டாப்பில் டிரேயோடு கண்ணும் சேர்ந்து வெளியே வந்துவிடும், அது ஒரு வசதி. பெரிய கணினியில் அது உள்ளேயே இருந்துகொள்ளும். போன் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தேன். பச்சைப்பயறு மேல் பால் ஆடை மாதிரி ஒரு படலம். அந்தக் காலத்தில் என் மேசைக்கு வந்திருந்தால் ஒரு நொடியில் ரிஜெக்ட். பஞ்சுக் குச்சியைக் காய்ந்தபடியே எடுத்து, அழுத்தாமல், நடுவில் இருந்து வெளியே, ஒரே ஒரு சுற்று. குச்சியைத் திருப்பி இன்னொரு சுற்று. ஊதக் கூடாது, வாயில் இருக்கிற ஈரம் போய் ஒட்டிக்கொள்ளும். இவர் ஊதுவதற்குக் குனிந்தார். தலையைத் தள்ளிவிட்டேன்.

மூன்றாவது சிடி. வேகத்தை இருக்கிறதிலேயே குறைவாக வைத்தேன். தட்டு சுற்ற ஆரம்பித்ததும் காதை வைத்துக் கேட்டேன். கரகரப்பு இல்லை. ஒரே சீராக ஓடியது. “ஏறிடும்,” என்றேன். அப்போது பாதிகூட ஆகவில்லை. ஏறியது.

எடுத்து, மறுபடி போட்டு, படம் திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தது. விலா எலும்பு, முதுகெலும்பு, கருப்பாக ரெண்டு நுரையீரல். புள்ளியைத் தேடினேன். பார்க்கிற வெள்ளையெல்லாம் புள்ளியாகத் தெரிந்தது. இருக்கணும் என்று தேடுவதா, இருக்கக் கூடாது என்று தேடுவதா என்பதே குழம்பிவிட்டது. இருக்கணும். பழைய படத்தில் அது இருக்கத்தான் வேண்டும். புருஷன் நுரையீரலில் புள்ளி இருக்கணும் என்று சாமி கும்பிட்ட பொம்பளை இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மிச்சம் இருந்த ரெண்டு சிடியிலும் அதையே எழுதினேன். ஒன்று கைப்பையில், ஒன்று காரில், ஒன்று வீட்டில்.

வெள்ளிக்கிழமை. கவுண்டர் அக்கா சிடியை வாங்கிக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தார். அந்தத் தளம் முழுக்கத் திரைக்குப் பின்னால் மாட்டின சின்னக் கணினிகள்தான். அவர் காலடியில் மட்டும் ஒரு பெரிய பழைய கணினி. டிரே மெதுவாக வெளியே வந்தது. இது ஒன்றில்தான் டிரே இருக்கிறது, இது போனால் நானும் பென்ஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவேன் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். நான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். இத்தனை பேருக்கு ஒன்று போதுமாக இருக்கிறது. ஒவ்வொரு கணினிக்குள்ளும் வேண்டாம் என்று நான் சொன்னதும் அதைத்தானே?

டாக்டரம்மா ரெண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். பழைய படத்தை மேலும் கீழும் நகர்த்தினார். நகர்த்திக்கொண்டே இருந்தார். எனக்குப் பிடிக்க ஏதாவது வேண்டியிருந்தது, மேசை விளிம்பைப் பிடித்தேன். ஒரு இடத்தில் நிறுத்தி, ஒரு கோடு போட்டு அளந்தார். புதுப் படத்தில் இன்னொரு கோடு.

“சமா,” என்றார். ஒன்றுதான். அப்போதும் உளுந்து, இப்போதும் உளுந்து. எலும்பைப் பார்த்த அவசரத்தில் அன்றைக்கு யாரும் இதைப் பற்றிச் சொல்லவில்லை. எப்போதோ வந்து ஆறின வடு. ஊசி வேண்டாம்.

“உறுதியா, டாக்டர்?”

உறுதி.

“வளரவே இல்லையா?”

வளரவில்லை.

“அப்ப, திங்கட்கிழமை...”

“மூணு தடவ கேட்டீன்னா அதுவே வளந்துரும்டி,” என்றார் இவர் தமிழில். டாக்டரம்மாவுக்கு என்ன புரிந்ததோ, சிரித்தார். இருமலுக்கு மருந்து எழுதினார். அடுத்த வருஷம் இதே மாசம் இன்னொரு ஸ்கேன், சும்மா ஒப்பிட்டுப் பார்க்க, அதற்கு இந்த ரெண்டு படமும் தேவைப்படும் என்றார். வெளியே வந்தால் கவுண்டர் அக்கா புதுப் படத்தையும் ஒரு சிடியில் போட்டு உறையோடு நீட்டினார்.

அன்றைக்கே கடைக்குப் போனோம். லெப்டாப்பை நாத்தனாருக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவள் மகளின் முயல் வேஷம் பார்க்கணும். சிடி டிரைவ் தனியாக ஒன்று வாங்கினேன். தோசைத் தட்டு கனம்தான், ஒரு ஒயரில் எந்தக் கணினியிலும் செருகலாம், கெட்டால் அதை மட்டும் தூக்கிப் போடலாம். வாங்குவதற்கு முன்னால் டிரேயைத் திறந்து கண்ணைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

“அப்ப அன்னைக்கு நாஞ் சொன்னதுதான சரி?” என்றார் இவர். “சிடி போட எடம் வேணும்னு.”

“கணினிக்குள்ள வேணாம்னுதான் சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்றேன். அது வீட்டுல இருந்தாப் போதும்.”

“வருஷத்துக்கு ஒரு நாளைக்காக?”

“வருஷத்துக்கு ஒரு நாள்தான். இன்னும் முப்பது வருஷத்துக்கு வேணும்ல?”

அவர் பையை என் கையில் இருந்து வாங்கி, தானே தூக்கிக்கொண்டு வந்தார்.